மணவிலக்கு வழக்கில் லாயர் பதிலே போடவில்லையா? எதுவரை பொறுக்கலாம், எப்போது மாற்றலாம்?

வாட்ஸ்அப்பில் இரண்டு நீல டிக் விழுந்துவிட்டது. பதில் இல்லை. அலுவலகத்துக்குப் போன் போட்டால், "லாயர் கோர்ட்டில் இருக்கிறார், சொல்லி வைக்கிறேன்" என்கிறார் ஊழியர். போன வாரமும் அதேதான் சொன்னார்.

சிங்கப்பூரில் ஆண்டுக்கு ஏறக்குறைய 7,000 திருமணங்கள் மணவிலக்கிலோ திருமண ரத்திலோ முடிகின்றன. மற்ற வழக்குகளில் லாயர் ஒரு மாதம் பேசாமல் இருந்தால் எரிச்சல் வரும், அவ்வளவுதான். மணவிலக்கில் அப்படி இல்லை. வார இறுதியில் பிள்ளை யாரிடம் இருப்பது, வீவக வீட்டை விற்பதா வைத்துக்கொள்வதா, அடுத்த மாதம் பராமரிப்புத் தொகை வருமா என்று அன்றாட வாழ்க்கையே அந்த ஒரு பதிலுக்காகக் காத்து நிற்கும்.

இதைப் படிக்கும் நீங்கள் வழக்கில் ஒரு தரப்பாகவே இருக்கவேண்டும் என்பதில்லை. அம்மாவுக்காகவோ அக்காவுக்காகவோ லாயருக்கு ஆங்கிலத்தில் ஈமெயில் எழுதிக் கொடுக்கும் பிள்ளையாக இருக்கலாம். நம் குடும்பங்களில் இது ரொம்ப சகஜம். உங்கள் பங்கு பற்றியும் கீழே சொல்கிறோம்.

யார் மௌனமாக இருப்பது? லாயரா, வழக்கா?

முதலில் இதைப் பிரித்துப் பார்க்கவேண்டும். மணவிலக்கு வழக்கில் யார்மீதும் தவறில்லாத மௌனம் நிறைய உண்டு.

விண்ணப்பம் தாக்கலான பிறகு அதை மற்றவரிடம் சேர்ப்பிக்கவேண்டும். அவர் பதில் சொல்ல அவகாசம் உண்டு. எல்லாவற்றிலும் ஒத்துப்போகும் தம்பதி எளிமைப்படுத்தப்பட்ட முறையில் விண்ணப்பித்திருந்தால், நீதிமன்றம் பெரும்பாலும் யாரையும் நேரில் அழைக்காமலே ஆவணங்களைப் பார்த்து இடைக்காலத் தீர்ப்பை வழங்கிவிடும். அதற்குப் பிறகு குறைந்தது மூன்று மாதம் கழித்துத்தான் இறுதித் தீர்ப்பு. அந்த மூன்று மாதத்தில் லாயர் உங்களிடம் சொல்ல விஷயமே இல்லாமல் இருக்கலாம். "ஒண்ணும் நடக்கலை" என்பதுதான் அங்கே உண்மையான பதில்.

நல்ல லாயர் அதையும் ஒரு வரியில் சொல்லிவிடுவார் என்பது வேறு விஷயம்.

சர்ச்சை உள்ள வழக்கில் கதை வேறு. பிள்ளைகளின் பராமரிப்பு, சொத்துப் பிரிப்பு, பராமரிப்புத் தொகை ஆகிய மூன்றும் துணை விவகாரங்கள் என்று தனியாக விசாரிக்கப்படும். ஒவ்வொரு கட்டத்திலும் ஒரு பிரமாணப் பத்திரம், ஒவ்வொரு பத்திரத்துக்கும் ஒரு கெடு. இங்கே லாயரின் மௌனம் ஆபத்தானது. ஏன் என்றால் நீதிமன்றத்தின் கடிகாரம் உங்கள் லாயருக்காக நிற்பதில்லை.

உதாரணமாக, சொத்து, வருமானம் பற்றிய பிரமாணப் பத்திரம். வங்கிக் கணக்கு, மசேநி இருப்பு, காப்புறுதி, கடன் என எல்லாவற்றையும் நீங்கள் வெளிப்படுத்தவேண்டும். ஒருவர் எதையோ மறைக்கிறார் என்று நீதிமன்றத்துக்குத் தோன்றினால், அவருக்குப் பாதகமாக முடிவெடுக்கலாம். உங்கள் ஆவணங்கள் எல்லாம் லாயரின் இன்பாக்ஸில் தூங்கிக்கொண்டிருந்தால், நீங்கள் மறைக்கவில்லை, அவர்தான் அனுப்பவில்லை என்பதை யார் போய்ச் சொல்வது? லாயரின் தாமதத்தைக் காரணம் காட்டினால் நீதிமன்றம் எப்போதும் மன்னித்துவிடும் என்று நம்பவும் முடியாது.

எதிர்த்தரப்பில் இருப்பவருக்கும் இதே சிக்கல்தான். வழக்கை எதிர்க்கிறீர்களா, இல்லையா என்று உரிய நேரத்தில் தெரிவிக்காவிட்டால், எதிர்ப்பு இல்லாத வழக்காக அது நகர்ந்துவிடும். "நான் லாயர்கிட்ட சொல்லிட்டேனே" என்பது வீட்டில் செல்லுபடியாகும். நீதிமன்றப் பதிவில் அதற்கு இடமில்லை.

பலர் கவனிக்காத இடம்: இறுதித் தீர்ப்பு

இடைக்காலத் தீர்ப்பு வந்ததுமே "முடிஞ்சு போச்சு" என்று நினைத்துவிடுகிறோம். சொந்தக்காரர்களுக்கும் சொல்லிவிடுகிறோம். லாயரும் அடுத்த கேஸுக்குப் போய்விடுகிறார்.

ஆனால் சட்டப்படி நீங்கள் இன்னும் திருமணமானவர்தான். மூன்று மாதம் கழிந்தால் இறுதித் தீர்ப்பு தானாக வீட்டுக்கு வந்து சேராது. அதற்கு விண்ணப்பிக்கவேண்டும். துணை விவகாரங்கள் பாக்கி இருந்தால் அவை முடியும்வரை காத்திருக்கவும் வேண்டும். அந்தக் கடைசி விண்ணப்பத்தை லாயர் மறந்துவிட்டால் என்ன ஆகும்? மறுமணம் செய்ய முடியாது. செய்தால் அது செல்லாது, குற்றமாகவும் ஆகலாம். வீவக வீட்டின் உரிமையை மாற்றவோ, தனியாக வீடு வாங்கவோ போகும்போது கேட்கப்படும் முதல் ஆவணங்களில் ஒன்று அந்த இறுதித் தீர்ப்புச் சான்றிதழ்தான்.

ஆகவே ஓராண்டுக்கு முன்பு "எல்லாம் முடிந்தது" என்று சொன்ன லாயரிடமிருந்து அந்தச் சான்றிதழ் உங்கள் கைக்கு வந்ததா என்று இன்றே ஈமெயிலைத் தேடிப் பாருங்கள். வரவில்லை என்றால், உங்கள் பிரச்சினை லாயரின் மௌனம் இல்லை. முடியாத ஒரு வழக்கு.

2024 மாற்றங்கள் இதை இன்னும் முக்கியமாக்கின

ஜூலை 1, 2024 முதல் பரஸ்பர உடன்பாட்டின் பேரில் மணவிலக்குப் பெறலாம். யார்மீதும் பழி போடத் தேவையில்லை. ஆனால் கையெழுத்துப் போட்டால் போதும் என்று அர்த்தம் இல்லை. திருமணம் மீளமுடியாதபடி முறிந்தது என்று இருவரும் ஏன் முடிவு செய்தீர்கள், சேர்ந்து வாழ என்ன முயற்சி எடுத்தீர்கள், பிள்ளைகள் குறித்தும் பணம் குறித்தும் என்ன யோசித்திருக்கிறீர்கள் என்று எழுதிக் கொடுக்கவேண்டும். சேர்ந்து வாழ இன்னும் வாய்ப்பு இருக்கிறது என்று நீதிமன்றம் நினைத்தால் உடன்பாட்டை ஏற்காமலும் போகலாம்.

இதை லாயர் உங்களோடு உட்கார்ந்து பேசாமல் எழுத முடியாது. எழுதினால் அது எல்லா வழக்குக்கும் பொருந்தும் ஒரே அச்சு வாசகமாகத்தான் இருக்கும். உங்களிடம் எதுவும் கேட்காமல் கையெழுத்துக்கு மட்டும் ஆவணம் வந்தால், அதுவும் ஒருவகை மௌனம்தான்.

அக்டோபர் 15, 2024 முதல் குடும்ப நீதிமன்ற விதிமுறைகளும் புதிதாகின. படிவங்களின் பெயர்கள்கூட மாறியிருக்கின்றன. அதனால் இணையத்தில் கிடைக்கும் பழைய விளக்கங்களைப் பார்த்து "லாயர் தப்பான ஃபாரம் போட்டுட்டார்" என்று முடிவு கட்டாதீர்கள். எந்த ஆண்டின் விளக்கம் என்று பாருங்கள்.

பதில் சொல்வது தயவா, கடமையா?

கடமை. சட்டத் தொழிலுக்கான 2015ஆம் ஆண்டின் நடத்தை விதிகளில் 5ஆம் விதி இதைப் பற்றியது. வழக்கின் முன்னேற்றத்தை வாடிக்கையாளருக்குத் தெரிவிப்பது, அவர் கேட்கும் கேள்விகளுக்குத் தாமதமில்லாமல் பதில் சொல்வது, நியாயமான அக்கறையோடும் திறமையோடும் வேலை செய்வது எல்லாம் அதில் அடங்கும். 17ஆம் விதி கட்டணம் பற்றியது. எந்த அடிப்படையில் கட்டணம், எப்போது கட்டவேண்டும் என்பதை லாயர் விளக்கவேண்டும்.

"இத்தனை நாளுக்குள்" என்று விதியில் எண் இல்லை. எங்கள் கணிப்பைச் சொல்கிறோம். சாதாரணக் கேள்விக்கு ஒரு வாரம் பொறுக்கலாம். நீதிமன்றத் தேதியோ கெடுவோ இரண்டு வாரத்துக்குள் இருந்தால், இரண்டு வேலை நாளைத் தாண்டிப் பொறுக்கத் தேவையில்லை.

நியாயமாகச் சொன்னால், லாயர் பக்கமும் காரணங்கள் உண்டு. சிங்கப்பூர்ச் சட்ட நிறுவனங்களில் பெரும்பாலானவை ஐந்து பேருக்கும் குறைவான லாயர்கள் உள்ள சிறிய இடங்கள். காலை முழுக்க விசாரணை, மாலையில் ஆவணம் தயாரிப்பு. இன்னொரு காரணத்தை யாரும் வாய்விட்டுச் சொல்லமாட்டார்கள்: நீங்கள் கட்டிய டெபாசிட் தீர்ந்துபோயிருக்கும். பாக்கி பில் இருந்தால் உங்கள் ஃபைல் மேஜையின் அடிப்பக்கம் போவது நடக்கிற கதைதான். அது சரியில்லை. வேலையை நிறுத்துவதாக இருந்தால் லாயர் அதை முன்கூட்டியே வெளிப்படையாகச் சொல்லவேண்டும். ஆனால் சந்தேகம் இருந்தால் நீங்களே நேரடியாகக் கேட்டுவிடுவது நல்லது.

நம்மிடம் இருக்கும் தயக்கம்

இதைச் சொல்லாமல் போக முடியவில்லை. நம் சமூகத்தில் பலர் லாயரைத் தேடிப் பிடிப்பதில்லை. மாமாவின் நண்பர், கோயிலில் அறிமுகமானவர், அப்பாவின் வீட்டுப் பத்திரத்தைப் பார்த்தவர் என்று ஒருவர் வந்து சேர்கிறார். அவரிடம் கறாராகக் கேட்டால் மாமாவுக்குச் சங்கடம். வெளியே இன்னொருவரிடம் யோசனை கேட்டால் மணவிலக்கு விஷயமே ஊருக்குத் தெரிந்துவிடும். இரண்டுக்கும் பயந்து மாதக்கணக்கில் காத்திருப்பவர்கள் உண்டு. "வக்கீல் சார் பெரிய மனுஷர், தொந்தரவு பண்ணக்கூடாது" என்ற பெரியவர்களின் மரியாதையும் சேர்ந்துகொள்ளும்.

லாயருக்கு ரகசியம் காக்கும் கடமை உண்டு. அறிமுகப்படுத்திய மாமாவிடம்கூட உங்கள் வழக்கைப் பற்றி அவர் பேசக்கூடாது. நீங்கள் லாயரை மாற்றியதையும் மாமாவிடம் சொல்லவேண்டிய அவசியம் அவருக்கு இல்லை.

இதே காரணத்தால்தான், அம்மாவின் வழக்கைப் பற்றி நீங்கள் போன் போட்டால் லாயர் பேச மறுக்கலாம். அதை மௌனம் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். "என் மகளிடம் வழக்கு விவரங்களைப் பேசலாம்" என்று அம்மா தம் பெயரில் ஒரு ஈமெயில் அனுப்பிவிட்டால் சிக்கல் தீர்ந்தது. ஆனால் முடிவுகளை அம்மாதான் சொல்லவேண்டும். நீங்கள் அப்பாவின் பிள்ளையும்தானே. பிரமாணப் பத்திரத்தை மொழிபெயர்க்கும் வேலையை உங்கள் தலையில் போட்டுக்கொள்ள வேண்டாம். அதற்கு மொழிபெயர்ப்பாளர் ஏற்பாடு செய்யும்படி லாயரிடம் கேளுங்கள். தம் பெற்றோர் ஒருவர்மீது ஒருவர் சொல்லும் குற்றச்சாட்டுகளை வரிவரியாகத் தமிழாக்குவது எந்தப் பிள்ளைக்கும் வேண்டாத வேலை.

என்ன எழுதுவது?

பத்து வாட்ஸ்அப் மெசேஜுக்குப் பதில் ஒரு ஈமெயில். மணிக்கணக்கில் கட்டணம் என்றால், ஒவ்வொரு மெசேஜைப் படிப்பதற்கும் சில நிமிடம் உங்கள் பில்லில் ஏறும். நள்ளிரவில் கோபத்தோடு அனுப்பும் வாய்ஸ் நோட்டும் சேர்த்திதான். அதைவிட முக்கியம், பின்னால் ஏதாவது ஆனால் தேதியோடு காட்ட ஒரு பதிவு வேண்டும்.

ஈமெயிலின் தலைப்பில் வழக்கு எண்ணைப் போடுங்கள். உள்ளே மூன்றே விஷயம் போதும். வழக்கு இப்போது எந்தக் கட்டத்தில் இருக்கிறது? அடுத்த நீதிமன்றத் தேதியும் அடுத்த கெடுவும் எப்போது? என்னிடமிருந்து என்ன வேண்டும்? அதோடு, இதுவரை தாக்கல் செய்த எல்லா ஆவணங்களின் நகலையும் கேளுங்கள். பதில் வேண்டிய நாளைக் குறிப்பிடுங்கள். "கூடிய சீக்கிரம்" என்று எழுதினால் அது எந்த நாளும் ஆகாது.

மிரட்டல் வேண்டாம். முதல் ஈமெயிலிலேயே புகார் கொடுப்பேன் என்று எழுதினால், லாயர் உங்கள் கேள்விக்குப் பதில் யோசிப்பதை விட்டுவிட்டுத் தம்மைக் காப்பாற்றிக்கொள்ள யோசிப்பார்.

பதில் இல்லை என்றால், அதே ஈமெயிலை நிறுவனத்தின் பொது முகவரிக்கும் மூத்த பங்காளிக்கும் அனுப்புங்கள். பல சமயம் இங்கேயே விஷயம் தெளிவாகிவிடும். உங்கள் லாயர் வேறு நிறுவனத்துக்கு மாறியிருப்பார், அல்லது நீண்ட மருத்துவ விடுப்பில் இருப்பார். சட்ட அமைச்சின்கீழ் வரும் சட்டச் சேவை ஒழுங்குமுறை ஆணையத்தின் இணையத்தளத்தில் பெயரைத் தட்டினால், அவர் இப்போதும் தொழில் செய்ய உரிமம் வைத்திருக்கிறாரா, எந்த நிறுவனத்தில் இருக்கிறார் என்று பார்க்கலாம். இரண்டு நிமிட வேலை. தனியொருவராக நிறுவனம் நடத்துபவர் என்றால் மேலே கேட்க ஆள் இல்லை. அப்போது இந்தத் தேடல் இன்னும் அவசியம்.

ஒரு எச்சரிக்கை. பொறுமை இழந்து கணவரின் அல்லது மனைவியின் லாயரை அழைக்காதீர்கள். உங்களுக்கு ஒரு லாயர் இருக்கும்வரை அவர் உங்களிடம் நேரடியாக வழக்கைப் பேசக்கூடாது. ஆனால் தம்பதியர் தங்களுக்குள் பேசிக்கொள்வதற்குத் தடை இல்லை, பாதுகாப்பு ஆணை எதுவும் இல்லாதவரை. "உங்க லாயருக்கு நாங்க லெட்டர் போட்டு ஒரு மாசம் ஆச்சு" என்று மறுபக்கத்திலிருந்து வரும் ஒரு வார்த்தைதான் சிலருக்கு முதல் தடயம்.

மாற்றுவது எப்படி?

லாயரை மாற்ற நீதிமன்றத்தின் அனுமதியைக் கெஞ்சவேண்டியதில்லை. காரணம் சொல்லவேண்டிய கட்டாயமும் இல்லை. புதிய லாயர், வழக்கறிஞர் மாற்ற அறிவிப்பைத் தாக்கல் செய்வார். லாயரே வேண்டாம் என்றால், நானே வாதாடுகிறேன் என்று அறிவிக்கவும் வழி உண்டு. சர்ச்சை இல்லாத வழக்கில் அது முடிகிற காரியம். வீடும் பிள்ளையும் தகராறில் இருந்தால் நாங்கள் அதைச் சிபாரிசு செய்யமாட்டோம்.

வரிசை முக்கியம். முதலில் புதியவரைப் பார்த்துப் பேசுங்கள். பழையவர் இருக்கும்போதே இரண்டாவது கருத்துக் கேட்பதில் தவறில்லை. புதியவர் வேலையை ஏற்கத் தயார் என்று உறுதியான பிறகு பழையவரை விலக்குங்கள். கோபத்தில் முதலில் பழையவரை நீக்கிவிட்டு, அடுத்த வாரம் விசாரணை என்று தெரிந்து ஓடுவது நல்லதல்ல. விசாரணைக்குச் சில நாள் முன்பு மாற்றினால் நீதிமன்றம் தேதியைத் தள்ளிவைக்கும் என்ற உத்தரவாதம் கிடையாது.

ஃபைல் யாருடையது என்ற சண்டை பெரும்பாலும் இங்கேதான் வரும். கட்டண பாக்கி இருந்தால், அதைத் தீர்க்கும்வரை ஆவணங்களைத் தம்மிடம் வைத்திருக்கும் உரிமை பழைய லாயருக்குச் சட்டத்தில் உண்டு. பாக்கி நியாயமானது என்றால் கட்டிவிட்டு ஃபைலை வாங்குவதே சீக்கிரம். நியாயமில்லை என்றால், பாக்கித் தொகை குறித்துப் புதிய லாயர் பழையவரோடு ஒரு ஏற்பாட்டுக்கு வரமுடியும். எப்படியும் நீதிமன்றத்தில் தாக்கலானவற்றின் நகல்களை வேறு வழியில் பெறலாம். வழக்கில் நீங்கள் ஒரு தரப்பு. கோப்பைப் பார்வையிட விண்ணப்பிக்கலாம், அதற்குக் கட்டணம் உண்டு. வங்கி அறிக்கை, மசேநி அறிக்கை எல்லாம் நீங்கள் மறுபடியும் எடுக்கக்கூடியவைதான். கல்யாணப் பத்திரத்தின் அசலை மட்டும் கொடுத்திருந்தால் அதை முதலில் கேட்டு வாங்குங்கள்.

செலவைப் பற்றிப் பொய் சொல்லிப் பயனில்லை. புதியவர் எல்லாவற்றையும் முதலிலிருந்து படிக்கவேண்டும், அதற்கும் பில் வரும். ஒரு வேலைக்கு இரண்டு முறை காசு கொடுப்பது போலத் தோன்றும். சில சமயம் உண்மையிலேயே அப்படித்தான். ஆனால் துணை விவகாரங்களில் ஒரு பிரமாணப் பத்திரம் சரியாகப் போகாவிட்டால் வீட்டின் பங்கில் இழக்கக்கூடிய தொகை, அந்தக் கூடுதல் பில்லைவிடப் பெரியதாக இருக்கும்.

கொடுத்த காசு?

முன்பணமாகக் கொடுத்தது தனி வாடிக்கையாளர் கணக்கில் இருக்கவேண்டும். பில் போட்ட பிறகுதான் லாயர் அதிலிருந்து எடுக்கலாம். செய்யாத வேலைக்கான மிச்சத்தைத் திருப்பிக் கேளுங்கள். "மொத்தமாக இவ்வளவு" என்று பேசிய கட்டணம் என்றால், எதுவரை வேலை நடந்தது என்பதைப் பொறுத்துதான் திரும்பக் கிடைக்கும். முதலில் கையெழுத்திட்ட ஒப்பந்தக் கடிதத்தை எடுத்துப் படியுங்கள். அதில் என்னென்ன அடங்கும், என்ன அடங்காது என்று இருக்கும்.

பில் அதிகம் என்று நினைத்தால், அதை நீதிமன்றம் மதிப்பிடும்படி கேட்கலாம். பில் கைக்கு வந்த 12 மாதத்துக்குள் கேட்கவேண்டும். அதைத் தாண்டினால் சிறப்புக் காரணம் காட்டவேண்டியிருக்கும்.

புகார் கொடுத்தால் வழக்கு நகருமா?

நகராது. இதுதான் பலரும் தவறாகப் புரிந்துகொள்ளும் இடம். சிங்கப்பூர் வழக்கறிஞர் சங்கத்தில் புகார் கொடுப்பது லாயரின் நடத்தையைப் பற்றியது. உங்கள் மணவிலக்கை அது ஒரு நாள்கூட வேகப்படுத்தாது. சங்கம் உங்களுக்குச் சட்ட ஆலோசனை தராது, உங்கள் லாயருக்குப் பதில் போய் ஆவணம் தாக்கல் செய்யாது. நாடாளுமன்ற உறுப்பினரின் மக்கள் சந்திப்புக் கூட்டத்துக்குப் போனாலும் ஒரு கடிதம் கிடைக்கலாம், வழக்கின் கெடு தள்ளிப்போகாது.

புகார் எழுத்தில் இருக்கவேண்டும், கூடவே சட்டபூர்வ உறுதிமொழியும் வேண்டும். முதலில் மறுஆய்வு, அடிப்படை இருந்தால் விசாரணைக் குழு, கடுமையானது என்றால் ஒழுங்கு நடவடிக்கைத் தீர்ப்பாயம், அதற்கும் மேலே மூன்று நீதிபதிகள் அமர்வு என்று படிப்படியாகப் போகும். பெரும்பாலான "பதில் போடவில்லை" புகார்கள் அவ்வளவு தூரம் போகக்கூடியவை அல்ல. அவற்றுக்குப் பொருத்தமான இன்னொரு வழி, சேவை போதிய தரத்தில் இல்லை என்ற புகார். அதில் கட்டணத்தைக் குறைக்கவோ திருப்பித் தரவோ, பிழையைச் சொந்தச் செலவில் சரிசெய்யவோ சங்கம் லாயருக்கு உத்தரவிட முடியும். தண்டனையைவிடப் பணமும் வேலையும்தான் உங்களுக்கு வேண்டும் என்றால் இதைப் பாருங்கள்.

அவசரம் இல்லை. சம்பவம் நடந்து ஆறு ஆண்டைத் தாண்டாதவரை புகாருக்கு நேரம் இருக்கிறது. முதலில் வழக்கைக் காப்பாற்றுங்கள். லாயர் பணத்தை எடுத்துக்கொண்டு மறைந்துவிட்டார் என்ற சந்தேகம் இருந்தால் மட்டும் இந்த வரிசை மாறும். அப்போது போலீசுக்கும் சங்கத்துக்கும் உடனே சொல்லவேண்டும். லாயரின் நேர்மையின்மையால் பணம் இழந்தவர்களுக்கென்று சங்கத்திடம் இழப்பீட்டு நிதி ஒன்றும் இருக்கிறது.

ஷரியா நீதிமன்றத்தில் வழக்கு நடத்தும் முஸ்லிம் வாசகர்களுக்கு: நீதிமன்றமும் சட்டமும் வேறு, ஆனால் உங்களுக்காக முன்னிலையாகும் வழக்கறிஞரும் அதே தொழிலின் விதிகளுக்கு உட்பட்டவர்தான். மேலே சொன்ன கடமையும் புகார் வழிகளும் உங்களுக்கும் பொருந்தும்.

இன்னொரு லாயருக்குக் காசு இல்லையே?

குறைந்த வருமானம் உள்ள குடிமக்களுக்கும் நிரந்தரவாசிகளுக்கும் சட்ட அமைச்சின் சட்ட உதவிப் பிரிவு மணவிலக்கு வழக்குகளில் உதவுகிறது. வருமானம், சேமிப்பு, வீட்டின் மதிப்பு எல்லாம் பார்ப்பார்கள். வழக்கில் நியாயம் இருக்கிறதா என்றும் பார்ப்பார்கள். கணவன் மனைவி எதிரெதிர்த் தரப்பில் இருப்பதால், மற்றவரின் சம்பளத்தைச் சேர்த்துவிடுவார்களோ என்று நீங்களே முடிவு செய்து விண்ணப்பிக்காமல் இருந்துவிடாதீர்கள். நேரில் கேளுங்கள். ஏற்கெனவே அந்தப் பிரிவு நியமித்த லாயர்தான் பதில் போடவில்லை என்றால், முதலில் சொல்லவேண்டிய இடமும் அதுவே. நீங்களாக லாயரை மாற்றிக்கொள்ள முடியாது.

புரோ போனோ எஸ்ஜி அமைப்பு வட்டாரங்களில் நடத்தும் இலவசச் சட்ட ஆலோசனைக் கூடங்களில் சுமார் 20 நிமிடம் ஒரு லாயரிடம் பேசலாம். ஆனால் ஒரு சிக்கல். ஏற்கெனவே லாயர் வைத்திருப்பவர்களுக்கு, அதே வழக்கில் இரண்டாவது கருத்துச் சொல்ல அவை ஏற்பட்டவை அல்ல. எந்த லாயர் உங்களைக் கைவிட்டாரோ, அவரே பதிவில் இருப்பதால் இந்த உதவி கிடைக்காமல் போகலாம். இது மாற்றப்படவேண்டிய ஒன்று என்பது எங்கள் கருத்து. பதிவு செய்யும்போதே உங்கள் நிலைமையை மறைக்காமல் சொல்லுங்கள்.

காசு கொடுத்துப் போவதாக இருந்தால், குடும்ப வழக்கு பார்க்கும் பல நிறுவனங்கள் முதல் சந்திப்புக்குக் குறைந்த கட்டணமே வாங்குகின்றன. அந்தச் சந்திப்பில் "ஜெயிப்போமா?" என்று கேட்பதைவிட வேறு சில கேள்விகள் பயன்படும். என் ஃபைலை யார் பார்ப்பார், நீங்களா உங்கள் ஜூனியரா? நீங்கள் கோர்ட்டில் இருக்கும்போது யாரிடம் கேட்பது? ஈமெயிலுக்கு எத்தனை நாளில் பதில் வரும்? ஒவ்வொரு நீதிமன்றத் தேதிக்குப் பிறகும் என்ன நடந்தது என்று இரண்டு வரி அனுப்புவீர்களா? டெபாசிட் எந்த அளவுக்குக் குறைந்தால் எனக்குச் சொல்வீர்கள்?

அவர் சொல்லும் பதில்களை அன்று மாலையே நீங்கள் ஒரு ஈமெயிலில் எழுதி, "நாம் பேசியது இதுதானே" என்று கேட்டு அவருக்கு அனுப்பிவிடுங்கள்.